ஆர்கானிக் க்ரீமும் சேராங்கொட்டையும்

ஒரு விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். டப்பா மேல் "ஆர்கானிக்" என்று எழுதியிருப்பதற்கும், அதைப் பூசினால் உங்கள் முகம் எரியாமல் இருப்பதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரு செடியை ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடாமல் வளர்த்தார்கள் என்பதைத்தான் அந்த வார்த்தை சொல்கிறது. அந்தச் செடி உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று அது சொல்வதில்லை. சொல்லவும் முடியாது.

ஏன் இவ்வளவு காட்டம் என்கிறீர்களா? தோல் நன்றாக இருப்பவன் கையில் கிடைத்ததைப் பூசிக்கொண்டு கிளாசுக்குப் போய்விடுகிறான். சோப்பு மாற்றினாலே சிவந்து தடித்துப் போகிறவர்கள்தான் பயந்து பயந்து "கெமிக்கல் இல்லாதது" எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார்கள். அந்தப் பயத்துக்குத்தான் விலைச்சீட்டு ஒட்டி விற்கிறார்கள். வகுப்புத் தோழி ஒருத்தி 50 கிராம் டப்பா ஒன்றை மூன்று மாதம் ஓட்டினாள். விலை 600 ரூபாய். சுண்டுவிரல் நுனியில் தொட்டு, பொட்டு வைப்பது போல் கன்னத்துக்கு ஒரு புள்ளி. கையும் காலும் வறண்டு வெடித்துக் கிடந்தன. அங்கே பூச மனசு வரவில்லை, தீர்ந்துவிடுமே! எனக்கு அவள் மேல் கோபமில்லை. வறண்ட தோல்காரிக்கு மாய்ஸ்சரைசரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் நிலைமையை உண்டாக்கிய வியாபாரத்தின் மேல்தான் கோபம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வேதியியல் படிக்கும் மாணவன். தோலில் நீர் வடிந்தாலோ, பொருக்குத் தட்டினாலோ, ராத்திரி தூங்க முடியாத அளவு அரித்தாலோ, வட்டமாகப் படை பரவினாலோ இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

இயற்கை என்றால் சாதுவா?

சேராங்கொட்டை தெரியுமா? அந்தக் காலத்தில் சலவைக்குப் போகும் துணியில் குறி போட அதன் சாற்றைத்தான் பயன்படுத்தினார்கள். மேலே பட்டால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். முழுக்க முழுக்க இயற்கை. உரம் கிடையாது, பூச்சிமருந்து கிடையாது, காட்டில் தானாக வளர்கிறது. ஆர்கானிக் சான்றிதழ் கொடுப்பதென்றால் முதலில் அதற்குத்தான் கொடுக்க வேண்டும். அதற்கடுத்து காஞ்சொறிக்கு. அதற்கடுத்து எருக்கம்பாலுக்கு.

இன்னும் பக்கத்தில் வருகிறேன். ரோட்டோரம் வெள்ளைப் பூ பூத்து நிற்கும் பார்த்தீனியச் செடி பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்குகிறது, குறிப்பாக வயல்வெளியில் வேலை செய்பவர்களுக்கு. "சென்சிட்டிவ் ஸ்கின்னுக்காகவே" என்று விற்கும் க்ரீம்களில் பெருமையாகச் சேர்க்கப்படும் கேமமைல் இருக்கிறதே, அது பார்த்தீனியத்தின் தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தோலை அமைதிப்படுத்தும் மூலிகை என்று டப்பா சொல்கிறது. உங்கள் தோல் என்ன சொல்லும் என்பது வேறு கதை.

லாவண்டர், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களும் அப்படித்தான். அவற்றின் வாசனைக்குக் காரணமான லினலூல், லிமோனின் போன்றவை காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்களாக மாறுகின்றன. ஆர்கானிக் எலுமிச்சையில் இருந்தாலும் அதே லிமோனின்தான். மூலக்கூறுக்குத் தான் எந்தத் தோட்டத்தில் பிறந்தோம் என்று தெரியாது.

இதெல்லாம் சும்மா வாய்ப்பந்தல் என்று நினைக்காதீர்கள். 2017ல் அமெரிக்காவில், அதிகம் விற்கும் 174 மாய்ஸ்சரைசர்களின் பொருள் பட்டியலை எடுத்து ஆராய்ந்தார்கள். பரவலாக அறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள் எதுவுமே இல்லாதவை 12 சதவீதம்தான். "வாசனை சேர்க்கப்படாதது" என்று சொல்லிக்கொண்டவற்றில் 45 சதவீதத்தில் வாசனை சார்ந்த பொருளோ தாவரச் சாறோ இருந்தது. "ஒவ்வாமை உண்டாக்காதது" என்ற ரகத்தில் 83 சதவீதத்தில் ஒவ்வாமை உண்டாக்கக்கூடிய பொருள் ஒன்றாவது இருந்தது. அவை எல்லாம் பொதுவான கடைச் சரக்கு, "இயற்கை" சரக்கு அப்படி இருக்காது என்கிறீர்களா? 2022ல் அதையும் பார்த்துவிட்டார்கள். "இயற்கை" என்று விற்கப்பட்ட 1651 பொருள்களில் 94 சதவீதத்தில் குறைந்தது ஒரு ஒவ்வாமைப் பொருள். இதற்கு, பூசிய எல்லோருக்கும் அரிக்கும் என்று அர்த்தமில்லை. ஆனால் அரிக்கும் சுபாவம் உள்ள நமக்கு "இயற்கை" என்ற சொல் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை என்பது மட்டும் உறுதி.

அந்த வார்த்தைக்கு யார் காவல்?

இந்தியாவில் ஆர்கானிக் வேளாண்மைக்குத் தேசியத் திட்டம் 2001ல் இருந்து இருக்கிறது. ஆர்கானிக் உணவுக்கு 2017ல் தனி விதிமுறைகள் வந்தன. மூஞ்சியில் பூசும் க்ரீமுக்கு? அழகுசாதனப் பொருள் விதிகள் 2020ல்தான் வந்தன. அதில் "ஆர்கானிக்" க்ரீம் என்றால் எது என்று வரையறையே இல்லை. அமெரிக்காவில் அழகுசாதனங்களைக் கவனிக்கும் எஃப்.டி.ஏ.விடமும் அப்படி ஒரு வரையறை கிடையாது.

தனியார் சான்றிதழ்கள் உண்டு. ஐரோப்பாவின் காஸ்மாஸ் முத்திரை அதில் ஓரளவு கறாரானது. அதிலும், பூசி அப்படியே விடும் க்ரீமில் மொத்த எடையில் 20 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால் மொத்த அளவுக்கான நிபந்தனை நிறைவேறிவிடும். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். க்ரீமில் பெரும்பகுதி தண்ணீர், தண்ணீரை இயற்கை உரம் போட்டு வளர்க்க முடியாதே :-) ஆனால் அந்த முத்திரையும் விளைச்சலையும் தயாரிப்பு முறையையும் பற்றிப் பேசுகிறதே தவிர, "இது சென்சிட்டிவ் ஸ்கின்னுக்கு ஒத்துக்கொள்ளும்" என்று வாக்குக் கொடுக்கவில்லை. வாசனை எண்ணெய்களுக்கும் அதில் தடை இல்லை.

பாரபென் பூச்சாண்டி

"நோ பாரபென்" என்று பெரிய எழுத்தில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் கலந்த எந்த க்ரீமிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்கப் பதப்படுத்தும் பொருள் வேண்டும். பாரபென் அதற்காகப் பல வருடங்களாகப் பயன்பட்டது. 2004ல் பிரிட்டனில் 20 மார்பகப் புற்றுக்கட்டி மாதிரிகளைச் சோதித்ததில் பாரபென் இருந்ததாக ஓர் ஆய்வு வந்தது. பாரபென்தான் புற்றுக்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது.

பல கம்பெனிகள் பாரபெனைக் கழற்றிவிட்டு வேறு பொருள்களுக்குத் தாவின. அவற்றில் ஒன்று மெத்தில்ஐசோதயசோலினோன். விளைவு? ஒவ்வாமை எகிறியது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013ல் அதை "ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்" என்று அறிவித்தது. பூசிவிட்டுக் கழுவாத க்ரீம்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017ல் தடை செய்தது. அதே சங்கம் 2019ல் பாரபென்களுக்கு "ஆண்டின் ஒவ்வாமை அல்லாத பொருள்" என்று பட்டம் கொடுத்தது. பாரபெனில் சில வகைகளை ஐரோப்பா தடை செய்திருக்கிறது, மெத்தில், எத்தில் வகைகளை அளவோடு அனுமதிக்கிறது. நான் சொல்ல வருவது பாரபென் அமிர்தம் என்றல்ல. பேயை விரட்டப் போய்ப் பிசாசைக் கூட்டிவந்த கதையாக, பயத்தை வைத்துப் பொருள் தேர்ந்தெடுத்தால் அடி வாங்குவது சென்சிட்டிவ் ஸ்கின்தான்.

பாட்டி பூசியது என்ன?

இங்கேதான் "எங்க பாட்டி இயற்கையாத்தான் பூசினாங்க" என்று கிளம்புவீர்கள். வாஸ்தவம். பாட்டி பூசியது தேங்காய் எண்ணெய். ஒரே ஒரு பொருள். இன்று பாட்டி படம் போட்டு விற்கும் க்ரீமைத் திருப்பி எண்ணிப் பாருங்கள், முப்பது பொருள் இருக்கும். பாட்டியின் வெற்றி ரகசியம் அந்த ஒன்றில் இருக்கிறது. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் எது என்று உடனே தெரியும். முப்பதில் எது கடித்தது என்று எங்கே போய்த் தேடுவது?

அதற்காகப் பாட்டி வைத்தியம் எல்லாம் பாஸ் இல்லை. கிளிசரினில் பன்னீரும் எலுமிச்சைச் சாறும் கலந்து பூசுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. தோலின் பி.எச். 5க்குப் பக்கத்தில், எலுமிச்சைச் சாறு 2க்குப் பக்கத்தில். பி.எச். கணக்கில் 3 வித்தியாசம் என்றால் 1000 மடங்கு அமிலம். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் கருத்துக் கொப்பளிப்பதும் உண்டு. பன்னீர் வாசனைப் பொருள். அந்தக் கலவையில் உருப்படி கிளிசரின் மட்டும்தான்.

செங்கல்லும் சாந்தும்

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். இறந்த செல்கள் செங்கல். நடுவில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் கலந்த சாந்து. சென்சிட்டிவ் ஸ்கின் பலருக்கும் சாந்து உதிர்ந்த சுவர். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது, வெளியே இருக்கும் சோப்பும் தூசியும் உள்ளே புகுந்து எரிக்கின்றன. மாய்ஸ்சரைசர் செய்ய வேண்டிய வேலை மூன்று. ஈரத்தை இழுத்து வைப்பது (கிளிசரின், யூரியா, கற்றாழைக் கூழ்). விரிசலை நிரப்பி மிருதுவாக்குவது (தாவர எண்ணெய்கள், செராமைடு). மேலே மூடி போட்டு ஈரம் போகாமல் தடுப்பது (பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரபின்). இந்த மூன்றில் எதற்கும் வாசனை தேவையில்லை, தங்கப் பஸ்பம் தேவையில்லை.

சல்லிசாக என்ன வாங்கலாம்?

1. சூரியகாந்தி எண்ணெய். மளிகைக் கடையில் கிடைப்பதுதான். டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்கு இதைத் தடவிப் பார்த்த ஆய்வு 2005ல் வெளிவந்தது. எண்ணெய் தடவாத குழந்தைகளை விட, தடவிய குழந்தைகளுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. குறைமாதக் குழந்தையின் தோலை விடவா உங்கள் தோல் சென்சிட்டிவ்? (வாங்குவது புது பாக்கெட்டாக இருக்கட்டும். மெஸ்ஸில் அப்பளம் பொரித்தது வேண்டாம்.)

2. தேங்காய் எண்ணெய். 2004ல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர்கள் 34 பேரிடம் சோதித்ததில், மினரல் ஆயிலுக்குச் சமமாக வேலை செய்தது. 2014ல் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் சோதித்தபோது மினரல் ஆயிலை விட நன்றாகவே இருந்தது. கை காலுக்கு அருமை. முகத்தில் பரு வருகிறவர்கள் முகத்துக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

3. கிளிசரின். மருந்துக் கடையில் கிடைக்கும். அப்படியே பூசாதீர்கள், ஈரக் கையில் சில சொட்டு விட்டுத் தேய்த்துப் பூசுங்கள். அதன் மேல் ஏதாவது ஒரு எண்ணெய். தண்ணீர் கலந்து பாட்டிலில் சேமிக்க வேண்டாம், கிருமி வளரும்.

4. வாசனை இல்லாத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. 1872ல் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை வாங்கியது. "கச்சா எண்ணெயில் இருந்து வருகிறதே" என்று முகம் சுளிக்காதீர்கள். நன்கு சுத்திகரித்ததற்கு ஒவ்வாமை ரொம்ப அபூர்வம். ஈரத்தைப் பூட்டி வைப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆர்கானிக் இல்லைதான். உங்கள் குதிகாலுக்கு அது தெரியாது. மெட்ராஸ் வெயிலில் உடம்பு முழுக்க அப்பினால் வியர்க்குரு வரும், அதனால் ராத்திரி, கை கால் வெடிப்புக்கு மட்டும்.

வேண்டாதது ஒன்று: ஆலிவ் எண்ணெய். விலையும் அதிகம். 2013ல் வந்த ஆய்வில், ஆலிவ் எண்ணெய் தடவிய தோலின் மேலடுக்கு பலவீனமாகி லேசாகச் சிவந்தது. சூரியகாந்தி தடவிய தோல் அப்படி ஆகவில்லை. கற்றாழை வீட்டில் இருந்தால், வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவிய பிறகு உள்கூழை மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் பால் அரிக்கும்.

இதையும் கவனியுங்கள்: எந்தப் பட்டியலும் ஒட்டாத டப்பாவில் வரும் "மூலிகை க்ரீம்" மூன்றே நாளில் மாயம் செய்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம்.

எப்படிப் பூசுவது?

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் காலையும் மாலையும் 7 முதல் 10 நாள் பூசிப் பாருங்கள். ஒரு தடவை பூசிவிட்டு "ஒன்றும் ஆகவில்லை" என்று முடிவுகட்டக் கூடாது, ஒவ்வாமை மெதுவாக வரும் ஆள்.

குளியல் வெதுவெதுப்பான தண்ணீரில், சுருக்கமாக. கட்டி சோப்பின் பி.எச். 9, 10 வரை போகும், அதனால் சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்குப் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள், பூசிவிடுங்கள். முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாக. அழுத்தித் தேய்த்தால்தான் இறங்கும் என்பது மூடநம்பிக்கை. டப்பாவாக இருந்தால் சுத்தமான ஸ்பூனால் எடுங்கள். எண்ணெயோ பாரபினோ ஊறிய துணியோடு அடுப்பு, விளக்குப் பக்கம் போகாதீர்கள், சீக்கிரம் தீப்பிடிக்கும்.

எவ்வளவு பூசுவது? இங்கேதான் தோழியின் 50 கிராம் டப்பா வருகிறது. டாக்டர்கள் விரல்நுனி அளவு என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். ட்யூபில் இருந்து ஆள்காட்டி விரலின் கடைசி மடிப்பு முதல் நுனி வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகம், கழுத்துக்கு இரண்டரை. ஒரு கைக்கு நான்கு. ஒரு காலுக்கு எட்டு. முகம், இரண்டு கை, இரண்டு கால் சேர்த்தால் இருபத்தாறரை, அதாவது 13 கிராம் சொச்சம். தினம் ஒரு வேளை என்றாலும் மாதம் 400 கிராம்.

50 கிராம் 600 ரூபாய் என்றால் கிராம் 12 ரூபாய். 400 கிராமுக்கு 4800 ரூபாய்! ஹாஸ்டல் மெஸ் பில்லோடு போட்டி போடும். கிராம் 1 ரூபாய் சரக்கென்றால் 400 ரூபாய். எண்ணெய் இன்னும் குறைவு, இறுகிய க்ரீம் அளவுக்கு வேண்டியதும் இல்லை. எக்ஸிமா உள்ளவர்களுக்கு வாரத்துக்கே 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும் என்பது பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டுதல். மாய்ஸ்சரைசர் அள்ளிப் பூசினால்தான் வேலை செய்யும். அள்ளிப் பூச முடியாத விலையில் இருப்பது எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது. டப்பா விலையைப் பார்க்காதீர்கள், கிராம் விலையைப் பாருங்கள்.

"அப்போ நீ கார்ப்பரேட் கைக்கூலியா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். மளிகைக் கடை எண்ணெயை வாங்கச் சொல்கிறவனுக்கு எந்தக் கம்பெனி கூலி கொடுக்கும் சொல்லுங்கள்?

இயற்கை வேளாண்மை மேல் எனக்கு மரியாதை உண்டு. 2013ல் மறைந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ப் பேசியது மண்ணைப் பற்றி, விதையைப் பற்றி, பூச்சிமருந்து அடிக்கும் விவசாயியின் உடம்பைப் பற்றி. அந்த உழைப்பால் இந்தத் தமிழ் மண்ணில் மதிப்புப் பெற்ற ஒரு சொல்லை, முப்பது பொருள் கலந்த வாசனை க்ரீமில் ஒட்டி, தோல் வெடித்தவளிடம் 12 மடங்கு விலைக்கு விற்பது அந்தச் சொல்லுக்கே செய்யும் துரோகம். கையில் காசு இருந்தால், செக்கில் ஆட்டிய ஆர்கானிக் தேங்காய் எண்ணெய் வாங்குங்கள், தாராளமாக. மண்ணுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள். தோலுக்கு என்று நினைத்து ஏமாற வேண்டாம். காசு இல்லையென்றால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் சாதாரண எண்ணெயை வாங்கிப் பூசுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. இன்றைக்கு ரூமுக்குப் போனதும் உங்கள் க்ரீமின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு அதிகமானதில் தொடங்கி வரிசையாகப் போட வேண்டும் என்பது சட்டம். முன்பக்கம் படம் போட்ட மூலிகை பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது, பர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ், லிமோனின், லினலூல், மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஏதாவது தென்படுகிறதா என்று பாருங்கள். தென்பட்டு, தோலும் எரிகிறது என்றால், அந்த டப்பாவை ஒரு மாதம் ஓரம் கட்டுங்கள். பக்கத்து ரூமில் யாராவது 600 ரூபாய் டப்பாவைச் சுண்டுவிரலால் தொட்டுக்கொண்டிருந்தால், அவர்களிடமும் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.